ஆசிரியர் அறையில் ஒரு சிரிப்பு

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மறு மாதம் கல்லூரி திறந்தது. இராமநாதபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் அப்போது ஆங்கில டியூட்டர். விடுமுறை முடிந்து வந்த புகுமுக வகுப்புக்கு, 'விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னார் எங்கள் மூத்த விரிவுரையாளர். வருஷா வருஷம் கொடுக்கிற தலைப்பு. அந்த வருஷமும் மாற்றத் தோன்றவில்லை அவருக்கு.

மாணவர்களின் பிழைகளை இடைவேளையில் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'ஹி டிட் நாட் வென்ட்' என்று அவர்கள் குரலிலேயே இழுப்பார். வடையை மென்றபடி எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்று அவர் எடுத்தது தனுஷ்கோடி இருந்த தீவிலிருந்து வந்த மீனவர் வீட்டு மாணவனின் தாள். மொட்டைத் தலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவன்.

"கேளுங்க சார். 'தி ஸீ வாஸ் கேம். மை மதர் வாஸ் டைடு.' கடல் வந்துச்சாம், அம்மா செத்துட்டாளாம். வெறும் கேம், டைடுன்னா போதாதா? எல்லாத்துக்கும் முன்னால ஒரு வாஸ்! அம்மாவோட சேத்து கிராமரையும்ல சாகடிச்சிருக்கான்!"

அறையே குலுங்கியது. தாளில் வடை எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. எழுந்துபோய்த் தாளைப் பிடுங்கினேன்.

"அவன் அம்மா நெசமாவே புயல்ல போயிட்டாங்க சார்."

"இருக்கட்டுமேய்யா. பிழை பிழைதானே?" என்றார், விரலை நக்கிக்கொண்டே.

சாயங்காலம் அந்த மாணவனைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். 'வாஸ்'களை மட்டும் அடித்திருந்தேன்.

"எதுக்கு சார் அடிச்சிருக்கீக? முடிஞ்சுபோனதுக்கு வாஸ் போடணும்னுதான பள்ளிக்கூடத்துல சொன்னாக?"

அப்படித்தான் மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். டைடு என்றாலே முடிந்துவிட்டது என்றுதான் பொருள், வாஸ் தேவையில்லை என்றேன். தலையாட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை என் முன்னாலேயே மறுபடி எழுதினான்.

"இப்பச் சரியா சார்?"

சரி என்று சொல்ல நாக்குக் கூசியது. சொன்னேன்.

மூத்தவர் முதல்வரிடம் புகார் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். அந்த வருஷத்தோடு வேலை போயிற்று.

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, அந்த அறையில் உரக்கச் சிரித்தவர்களில் ஒருவர் பஸ் நிலையம் வரை வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "உங்க பக்கந்தான் சார் நியாயம்" என்று காதோடு சொல்லிக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தொட எனக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.