மந்தைவெளிக்கும் அடையாறு பாலத்துக்கும் நடுவே

அந்தக் காரைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில், கோபப்படக்கூடத் தெம்பில்லாத நாட்கள்தான் அதிகம்.

சாம்பல் நிறம். இங்கிலாந்தில் செய்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டி அலுத்துப்போனது. அந்நாளைய மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒருவன் கார் வாங்கினால் பெரிய மனிதனாகிவிட்டான் என்று பேசுவார்கள். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. என் பெண்ணுக்காக வாங்கினேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. முழங்கால் நேராக நிமிராது. திங்கள், புதன், வெள்ளிக் காலைகளில் அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை நீட்டிப் பயிற்சி கொடுத்து, மடங்காதபடி கட்டை வைத்துக் கட்டி அனுப்புவார்கள். கட்டின காலோடு பஸ்ஸில் ஏற முடியாது. ரிக்‌ஷாவில் நீட்டி உட்கார இடமில்லை. காரின் பின் சீட்டில் குறுக்கே காலை நீட்டிக்கொண்டு வரலாம்.

"விடாம கூட்டிண்டு வாங்கோ. விட்டுவிட்டு வந்தா முட்டி திரும்ப மடங்கிக்கும். அப்புறம் ஆபரேஷன்தான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பயந்துதான் கார்.

முதல் மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆயுத பூஜை வந்தது. நான் எதிலும் அரைகுறை வைக்காத ஆசாமி. அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு என்றால் முழு ஓய்வு. கத்திரிக்கோலைக்கூட யாரையும் தொடவிட மாட்டேன். காருக்கும் அதே சட்டம். பானெட்டைத் திறந்து, பாட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் வயரை, உடம்பில் முடுக்கியிருந்த இடத்தில் கழற்றி விட்டேன். இனி யார் நினைத்தாலும் வண்டி கிளம்பாது. இந்தப் புத்திசாலித்தனத்தை என் மனைவியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். அவள் சுண்டலைத் தாளித்துக்கொண்டே, "சரி, சரி" என்றாள்.

பொட்டு வைக்கும் வேலை என் பெண்ணுடையது. ஓடியாடிச் செய்கிற எதுவும் அவளுக்குக் கிடையாது என்பதால் அந்தச் சந்தனக் கிண்ணத்தை அவள் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். நான் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் காரின் உள்ளும் புறமும் ஓர் இடம் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் காலை வயரை மறுபடி முடுக்கிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன்.

ஐப்பசி மழையோடு சனியன் ஆரம்பித்தது. வேகமாகப் போகும்வரை ஒன்றுமில்லை. எதிரே ஒரு மாடு வந்து நான் வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் அடங்கிவிடும். ஹாரன் அடிக்காது, விளக்கு எரியாது, செல்ஃப் ஸ்டார்ட்டர் ஒரு முனகல்கூட முனகாது. நாலு பேர் தள்ளினால் அந்த உலுக்கலில் கிளம்பும். சில சமயம் நான் இறங்கி, ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தினாலே உயிர் வந்துவிடும். பத்து நாள் சமர்த்தாக ஓடி, சரியாகிவிட்டது என்று நான் வீட்டில் வாய்விட்டுச் சொன்ன மறுநாள் லஸ் முனையில் நிற்கும். ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்திருந்தால் நானும் அதைத் தொலைத்துத் தலைமுழுகியிருப்பேன்.

நின்ற காரைச் சுற்றி நம் ஊரில் எத்தனை நிபுணர்கள்! இளநீர் விற்பவர் இக்னிஷன் காயில் போய்விட்டது என்றார். கோயிலுக்குப் போகிற மாமா பெட்ரோலில் தண்ணீர் என்றார். "மாமா, ஹாரனுக்கு எதுக்கு பெட்ரோல்?" என்று கேட்டுவிட்டு, அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து வருத்தப்பட்டேன். தள்ளுவதற்கு அவரும்தான் கை கொடுத்திருந்தார்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் எலக்ட்ரீஷியன் இருந்தார், நான் பாய் என்று கூப்பிடுவேன். கெட்டிக்காரர், பொய் சொல்லாதவர். ஆனால் அவர் கடை வாசலைக் கண்டதும் என் கார் பரீட்சைக்கு வந்த முதல் மார்க் மாணவனைப்போல நடந்துகொள்ளும்.

"இன்னா சார், ஜோரா ஓடிகினு கீது. நிக்கசொல்ல இட்டாந்தாதானே இன்னான்னு பாக்க முடியும்?"

"நின்ன வண்டியை எப்படிப் பாய் கொண்டு வரது?"

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது. பாட்டரியை மாற்றினோம். சாவி போடும் ஸ்விட்சை மாற்றினோம். டைனமோவைக் கழற்றிப் பிரித்து மாட்டினார். கார்த்திகையில் ஒருநாள் எர்த் வயருக்கே வந்துவிட்டார். அதன் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு அழுத்திப் பார்த்தார்; அசையவில்லை. அதைச் சுற்றி மஞ்சளாகச் சந்தனம் காய்ந்திருந்தது.

"டைட்டாதான் சார் கீது. அவுத்துத் தொடச்சிப் பாக்கலாம், ஆனா பூஜ பொட்டு வெச்சிகீறீங்க. அத்த சொரண்ட எனக்கு மனசு வரல."

"வேண்டாம் பாய், அதைத் தொடாதீங்கோ" என்றேன் நானும். சாமிக்கு வைத்த பொட்டு தானாக உதிரும்வரை இருக்கட்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் மரியாதையைப் பார்த்து எனக்கு மனம் குளிர்ந்ததுகூட நினைவிருக்கிறது.

அந்த மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மந்தைவெளிக்கும் அடையாறு பாலத்துக்கும் நடுவே நாங்கள் நிற்காத இடமில்லை. தள்ள ஆள் கிடைத்தால் போய்ச் சேர்ந்தோம். கிடைக்காத நாட்களில் காரை ஓரமாக விட்டுவிட்டு, காலில் மாட்டிய இரும்புக் காலிபர் சட்டத்தோடு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஆஸ்பத்திரி பக்கமாக நின்றால் ஆஸ்பத்திரிக்கு, வீட்டுப் பக்கமாக நின்றால் வீட்டுக்கு. வீட்டுக்குத் திரும்பிய நாட்கள்தான் அதிகம். ஒன்பது வயதுப் பெண் கனக்கத்தானே செய்வாள். ஒருநாள் அப்படித் திரும்பி வந்து கூடத்தில் அவளை இறக்கிவிட்டு, சமையலறையில் போய் என் மனைவியிடம், "இனிமே என்னால அவளைத் தூக்கிண்டு நடக்க முடியாதுடீ" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். எங்கள் வீடு சிறியது.

மாசியில் ஒரு புதன்கிழமை, பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒரு குப்பை வண்டிக்கு வழிவிட்டபோது நின்றது. வெயில் அதற்குள் ஏறியிருந்தது. தள்ளச் சொல்லி யாரையும் கெஞ்ச எனக்கு மனமில்லை. பின் சீட்டிலிருந்த பெண்ணிடம், "எக்கி ஹாரனை அழுத்திண்டே இரு, சத்தம் வந்தா விட்டுடாதே" என்று சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து ஒவ்வொரு வயராக ஆட்டினேன். ஒன்றுமில்லை. எர்த் வயரின் முனையில் கை பட்டதும் ஹாரன் அலறியது. விட்டேன், நின்றது. அழுத்தினேன், மறுபடி அலறியது.

போல்ட்டைக் கழற்றினேன். வயரின் பித்தளை முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவே, வட்டமாக, அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது சந்தனம். நடுவில் குங்குமம். நாலு மாதமாக மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு, கிடைத்த இடுக்கில் போனதும் வந்ததுமாக இருந்திருக்கிறது; வேகமாக ஓடும்போது மட்டும் டைனமோ காப்பாற்றியிருக்கிறது.

"எந்த முட்டாள் இங்கே பொட்டு வெச்சது!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் யார் வைத்தது என்று ஞாபகம் வந்தது. ஹாரன் நின்றுவிட்டது. அவள் கையை எடுத்துவிட்டு சீட்டில் சாய்ந்து, கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாக்கெட் கத்தியால் சுரண்டித் துடைத்து, வயரை முடுக்கினேன். செல்ஃப் முதல் அழுத்தலில் எடுத்தது. அதற்கப்புறம் அந்தக் கார் ஒருநாளும் நிற்கவில்லை. வழியில் நான் எதுவும் பேசவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான்.

பங்குனியில் டாக்டர் முட்டியை அளந்து பார்த்தார். நிமிர்ந்திருந்ததெல்லாம் பழையபடி மடங்கியிருந்தது. "நடுவுல ரொம்ப நாள் விட்டுப்போச்சு" என்றார். வைகாசியில் ஆபரேஷன் செய்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் வயரைக் கழற்றவில்லை. அவள் தையல் மெஷினுக்கும் அரிவாள்மணைக்கும் தன் காலிபருக்கும் பொட்டு வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். காரின் முகப்பில் ஒன்று வைத்தாள். நான் பானெட்டைத் திறந்து, வழக்கம்போல அவளைத் தூக்கிப் பிடித்தேன். அவள் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"உள்ளே வேண்டாம்ப்பா. மறுபடி நின்னுடும். அப்புறம் நீ என்னைத் தூக்கிண்டு நடக்கணும்."

ஏழெட்டு மாதமாக அதை மனசில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் கட்டிலிலும் அதோடுதான் படுத்திருந்திருக்கிறாள். வயரைக் கழற்றியது நான், மறுநாள் பொட்டைத் துடைக்காமல் அதன்மேலேயே முடுக்கியதும் நான், துடைக்க வந்தவரைத் தடுத்ததும் நான் என்று அவளைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டிவிட்டு, "போறும்ப்பா, கை வலிக்கும், இறக்கி விடு" என்றாள்.