ஒரு சிட்டிகை கொத்தவரைப் பிசின்

விற்பனைப் பிரதிநிதி வேலையில் பொருளை விற்பதுகூடச் சுலபம். அது இன்னதென்று புரிய வைப்பதற்குள்தான் உயிர் போய்விடும். தோல் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய சகோதரர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் விற்றது, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின் மாவு. குழம்பைக் கெட்டியாக்கும், ஐஸை வழவழப்பாக்கும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு நிரந்தர வாடிக்கையாளரையாவது பிடிக்காவிட்டால் வேலை கிடையாது என்று திருச்சி ஆபீஸில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போது எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மாமனாரிடம் வாய்கூசாமல் சொல்லி வைத்திருந்தேன்.

மாஸ்டரின் கை

பெரம்பலூரில் ஓர் ஓட்டல். சரக்கு மாஸ்டர் வைத்த குருமா தண்ணீராக ஓடியது. அரை ஸ்பூன் மாவை எண்ணெயில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னேன். உப்பையே கையால் அள்ளிப் போட்டுப் பழகிய மனிதர் அவர். "அண்டா குருமாவுக்கு அரை ஸ்பூனா? நல்லா இருக்கே!" என்று, நான் தடுப்பதற்குள் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கரண்டி குருமாவுக்குள் தானாக நின்றது. பூரிக்குக் காத்திருந்தவர்கள் சத்தம் போட, முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "ருசியில ஒண்ணும் கொறையில்ல சார். ஊத்தத்தான் முடியாது, அறுத்து அறுத்துப் போடணும்."

மழையில் ஒரு பொட்டலம்

ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் மழைச்சாரல் அடித்தது. கிழிந்திருந்த என் சாம்பிள் பொட்டலத்திலிருந்து மாவு கொட்டி, நனைந்த தரையெல்லாம் வெண்டைக்காய்ப் பதமாகிவிட்டது. நின்றிருந்தவர்கள் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நான் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். கண்டக்டர் மட்டும் குஷியாகிவிட்டார்: "டிக்கெட் எடுக்காதவன் எவனா இருந்தாலும் இன்னிக்கு எறங்கி ஓட முடியாதுடியோவ்!"

டீச்சர் வீட்டு சாஸ்

வரதராஜன்பேட்டையில் ஒரு டீச்சரம்மா வீட்டிலேயே தக்காளி சாஸ் போட்டு, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார். "எலும்புல செய்யிறதா சொல்றாங்களே சார்? தவக்காலத்துல நாங்க கவுச்சி தொட மாட்டோம்" என்று தயங்கினார். சுத்தமான கொத்தவரை விதைதான் என்று சொல்லி, ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது வாசலிலேயே என்னை மடக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "எங்க வூட்டுக்காரரு வாயுன்னு சொல்லி கொத்தவரங்காயக் கண்ணெடுத்தும் பாக்க மாட்டாரு. இந்த சாஸ ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னாரு. நீங்க வாயத் தொறந்துடாதீங்க."

ஐஸ் கம்பெனிக்காரர்

டீச்சரம்மாவுக்கு அந்த ஒரு பொட்டலமே வருஷத்துக்குப் போதும். மூன்று மாதம் முடிய இரண்டே நாள். மிச்சமிருந்தது அரியலூரில் ஒரு ஐஸ் கம்பெனி. முதலாளியின் பால் ஐஸ் பள்ளிக்கூட வாசல்களில்தான் அதிகம் விற்கும். "பிள்ளைங்க திங்கிற சாமான் சார். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஊர்ல தலைகாட்ட முடியாது. கெடுதல் இல்லன்னா நீங்க தின்னு காட்டுங்க" என்றார்.

மாமனார் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு ஸ்பூன் மாவை அப்படியே வாயில் கொட்டி விழுங்கினேன். என் தொழிலில் செய்யவே கூடாத காரியம் அது. மாவு நடுத்தொண்டையில் ஒட்டிக்கொண்டு ஊற ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தேன், இன்னும் உப்பியது. கண் இரண்டும் பிதுங்கிவிட்டன. பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஆள் ஓடி வந்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைய, நுங்கு மாதிரி ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது.

மூச்சு வந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. வேலை போனது போனதுதான், இனி மறைத்து என்ன என்று, வாடிக்கையாளர் மிரள்வார்கள் என்று இதுவரை எங்குமே சொல்லாததையெல்லாம் கொட்டிவிட்டேன். உலர்ந்த மாவைத் தின்னக் கூடாது, தொண்டையை அடைக்கும். சர்க்கரையோடு கலந்து பாலில் நன்றாகக் கரைத்த பிறகுதான் ஐஸ் ஊற்ற வேண்டும். அளவு மீறினால் வயிறு உப்பும். சிட்டிகைக் கணக்கில் போட்டால் பயமில்லை.

முதலாளி அந்த உருண்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லதுன்னு சொல்ல ஆயிரம் பேரு வருவான். எப்ப கெடுக்கும்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். மாசம் ரெண்டு டின் அனுப்பச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, டின்ன வெச்சிட்டு நீங்க வெளியிலேயே நில்லுங்க சார்."

மூன்று மாதம் ஓயாமல் பேசியும் நிலைக்காத என் வேலை, கெடுதலையெல்லாம் கொட்டித் தீர்த்த அந்த ஒரு நிமிஷத்தில்தான் நிரந்தரமாயிற்று.