தோ பாய் கம்பெனி பிறந்த கதை

டெல்லி ஓக்லாவுல புது ஃபேக்டரி திறப்பு விழா. வாசல்ல ஆள் உயரப் படம்: ஏசுதாசும் அவர் தம்பி டோனியும், கோட்டு சூட்டுல. கீழே ‘தோ பாய் யூனிஃபார்ம்ஸ், நிறுவனர்கள்’னு பொன்னெழுத்து. தோ பாய்ன்னா இந்தியில ரெண்டு சகோதரர்கள். எனக்கு வயிறு எரிஞ்சுது. நிறுவுன மூஞ்சிகளைப் பாரேன்!

கம்பெனி தொடங்குறதுக்கு முன்னால ஏசுதாஸ் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்ல சர்க்கார் குமாஸ்தா. பொண்டாட்டி இன்பராணி தையல் மிஷின் மிதிக்கது அவருக்கு மானக்கேடு. ஆபீசர் வீட்டுக்கு வந்தா மிஷின் மேல பெட்ஷீட்டைப் போத்திருவார். டோனி? வேலை தேடுதேன்னு ஊர்லருந்து வந்து, அண்ணி வச்ச மீன்குழம்பைத் தின்னுட்டு, “சத்தம் போடாதீங்க அண்ணி”ன்னு மத்தியானம் பூராத் தூங்குவான்.

நான் பக்கத்து பிளாக்குல இருந்த நர்ஸ். கோட்டுல ஒரே பை, கத்தரிக்கோலை வச்சா சாவிக்கு இடமில்லன்னு புலம்பினேன். இன்பராணி ரெண்டு பை வச்சுத் தச்சுக் குடுத்தா. வார்டுல எல்லாரும் அதையே கேட்டாளுவ. அவதான் துணி எடுத்தா, வெட்டினா, பஸ் ஏறி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக் கொண்டு குடுத்தா.

லேபல் அடிக்கிற ஆரிப், கம்பெனி பேர் என்னன்னு கேட்டிருக்கார். இவளுக்கு இந்தி அரைகுறை. சரக்கைப் பத்திக் கேக்காருன்னு நினைச்சு, “தோ பை”ன்னுட்டா. தோ இந்தி, பை நம்ம தமிழ். அவர் காதுல ‘தோ பாய்’னு விழுந்துட்டு. அடிச்சதைத் தூக்கியா போட முடியும்? கோட்டுல வச்சுத் தச்சா. வியாபாரம் சூடு பிடிச்சதும் அண்ணனும் தம்பியும் முதலாளி ஆயிட்டானுவ.

விழாவுல ஏசுதாசோட பேரன் மேக்ஸ்வெல் மைக்கைப் பிடிச்சு, “ரெண்டு சகோதரர்கள் கண்ட கனவு”ன்னு இங்கிலீஷ்ல அளந்தான். பிறகு, அவங்களுக்குச் சமைச்சுப் போட்ட பாட்டின்னு சொல்லி இன்பராணிக்கு ஒரு பூங்கொத்து!

அவ மைக்கை வாங்கினா. நான் மனசுக்குள்ள கத்தினேன்: சொல்லுட்டி, இப்பவாவது சொல்லு!

“தோ பாய் நஹி. தோ பை. நான்தான் தச்சேன்”னா.

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. எல்லாம் தெரிஞ்ச ஏசுதாஸ் என்ன செஞ்சார்? மைக்கை வாங்கி, “இத்தனை வருஷமாச்சு, இவளுக்கு இன்னும் இந்தி வரல”ன்னார். அதுக்குக் கைதட்டல் வேற. தூ, மனுஷனா இவன்!

பூங்கொத்தை நாற்காலியில வச்சுட்டு, இன்பராணி என்னோட ஆட்டோவுல ஏறிட்டா. இப்போ எங்க வீட்டு ஹால்ல புது மிஷின் ஓடுது. லேபல்ல ‘இன்பராணி’ன்னு அவ பேரு.

நேத்து ஏசுதாஸ் வந்தார். “ஊர் சிரிக்குது, வீட்டுக்கு வா”ன்னார்.

இவ தலையே நிமிரல.

“பட்டன் தைக்க ஆள் வேணும். உங்க தம்பியையும் கூட்டிட்டு வாங்க”ன்னா.