கடைசி வீட்டுக் கையெழுத்து

எங்கள் ஊர் சாயல்குடிக்குப் பக்கம். தெருவில் கடைசி வீடு என்னுடையது. வாசலில் குடிநீர்க் குழாய் நட்டு ஒரு வருடமாகியும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என் மனைவி அதில் ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, தள்ளுவண்டியில் குடங்களோடு ஊருணிக்குப் போய் வந்தாள்.

பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்டால், "திட்டம் டெல்லியோடதுண்ணே, நான் என்ன செய்ய?" என்பார். மாநிலத்தின் குடிநீர் அலுவலகத்தில் கேட்டால், "தொட்டி வரைக்குந்தான் நாங்க. தெருவுக்குத் திறந்துவிடுறது பஞ்சாயத்து" என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அப்புறம்தான் தெரிந்தது, எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருகிறதென்று ஊர்க்காரர்களே கையெழுத்துப் போட்டால்தான் டெல்லியில் வேலை முடிந்ததாக ஒத்துக்கொள்வார்களாம். கிராமசபையில் எல்லோரும் போட்டுவிட்டார்கள். டீயும் வடையும் கொடுத்தபின் நீட்டுகிற தாளைப் படித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. கூட்டத்துக்குக் கூச்சப்பட்டு நான் போகவில்லை. அதனால் தாள் என் வீடு தேடி வந்தது, தலைவரோடும் ஓர் அதிகாரியோடும்.

"உங்க ஒரு கையெழுத்துதாங்க பாக்கி," என்றார் அதிகாரி.

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "தி... ன... மும்... தண்... ணீர்..." அதிகாரி ஆட்டைப் பார்த்தார்.

"வெயில்ல வந்திருக்கீக. கால் கழுவிட்டு உள்ள வாங்க சார்," என்று குழாயைக் காட்டினேன். பாவம், திருகினார். காற்றுதான் சீறியது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"உங்கள வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனேண்ணே," என்றார் தலைவர்.

தண்ணீர் வந்ததும் போட்டு அனுப்பச் சொல்லித் தாளை என்னிடமே விட்டுப் போனார்கள். அதற்கப்புறம் எனக்கு வந்த மவுசு! தலைவர் காலையில் நலம் விசாரித்தார். குடிநீர் அலுவலகத்து ஆள் மாலையில் வந்து குழாயைத் தட்டிப் பார்த்தார். வால்வு திறப்பவர் என்னைக் கண்டதும் பீடியை மறைத்தார்.

பன்னிரண்டாம் நாள் குழாய் இருமி, செம்மண் நிறத்தில் துப்பி, தெளிந்து ஓடியது. மனைவி சட்டி பானையெல்லாம் நிரப்பினாள். நான் பேனாவைத் தேடி எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்குத்தானே வந்திருக்கு? தாள்ல தினமும்னுல்ல போட்டிருக்கு."

தாள் இப்போதும் அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் ஒருநாள்கூடத் தவறவில்லை. தலைவர் தெருவில் பார்த்தால், "எப்பண்ணே போடுவீக?" என்கிறார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிடுகிறேன்.