மலையேறத் தைத்த பேன்ட்

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்தது.

தையல்காரம்மாவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. ஊசி யாரோ ஒருவருடைய கோட்டுக் கைக்குள் பாதி இறங்கிய நிலையில் காத்திருந்தது. மகளின் சிரிப்புதான். மூச்சு முட்டி, கடைசியில் விக்கலில் போய் முடிகிற சிரிப்பு. பெற்றவளிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

“அத்தை, மேப்புல இந்தக் கோடு என்ன இப்படிச் சுத்திச் சுத்திப் போகுது?”

“அது காட்டு வழி. ஓடையைத் தாண்டி ஏறி, மடாலயத்தோட பின்பக்கமாப் போய்ச் சேரும். இது படிக்கட்டு வழி. கிழடு கட்டைங்க போறது.”

“அப்போ நமக்குக் காட்டு வழிதான்!”

நமக்கு. அந்த ஒரு சொல் ஊசியைவிடக் கூர்மையாக இறங்கியது.

“மத்தியானத்துக்குள்ள மேலே போயிடணும், பாப்பா. அப்புறம் துறவிங்க கதவைச் சாத்திட்டுச் சாப்பிடப் போயிடுவாங்க. முட்டி தெரியுற மாதிரி போட்டுட்டுப் போகக் கூடாது. போனா வாசல்லயே ஒரு அழுக்குத் துணியைக் குடுத்துச் சுத்திக்கச் சொல்லுவாங்க. ஆமா, உங்க அம்மாகிட்டச் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. அம்மாவுக்கு எங்க இதெல்லாம் பிடிக்கப் போகுது? மெஷினை விட்டு எழுந்திரிக்கவே மாட்டாங்க.” பிறகு குரல் தாழ்ந்தது. “உஷ்! மெஷின் நின்னுடுச்சு. கேக்குறாங்க.”

மறுபடி சிரிப்பு. தையல்காரம்மாவுக்கு முகம் பற்றி எரிந்தது. துணி இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மிதியை ஓங்கி மிதித்தாள். நூல் சிக்கிக்கொண்டு, கோட்டுக்கு அடியில் குருவிக் கூடாகத் திரண்டது.

மாடியில் தெருவைப் பார்த்த அந்த முன்னறைதான் அவளுக்குக் கடை. கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் அவருடைய சட்டைகள்தான் வீட்டில் இருக்கும். அந்தத் தெருவில் யாருக்கு இடுப்பு பெருத்தது, யார் கவலையில் இளைத்தார்கள் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். மகளுக்கோ, பிறந்த அன்று போர்த்திய துணியிலிருந்து பள்ளிக்கூட ஜாக்கெட் வரை எல்லாமே அவள் தைத்ததுதான். கடைத் துணி அந்த உடம்பில் பட்டதே இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் அதுவே அவளுடைய கர்வம்.

போன வருடம்தான் கணவரின் தங்கை இந்த ஊருக்கு வேலை மாற்றி வந்தாள். நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். கல்யாணமாகாதவள், அகன்ற தோள், படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிற கால். வந்த நாளிலிருந்து பாப்பாவின் வாயில் அத்தை, அத்தை, அத்தைதான். அத்தை மாதிரி தலைமுடியை வெட்டிக்கொண்டாள். அத்தை மாதிரி காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். நல்ல நாத்தனார்தான், ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் தையல்காரம்மாவின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறிவிட்டது.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு பாப்பா வந்து நின்றாள். காலில் சாம்பல் நிறத்தில் புத்தம் புது பேன்ட்.

“அத்தை வாங்கிட்டு வந்தாங்கம்மா, மலையேறப் போட்டுக்க. எப்படி இருக்கு?”

அளவு கச்சிதமாக இருந்தது. இடுப்பில் ஒரு சுருக்கமில்லை, கீழே ஒரு விரல்கூட மிச்சமில்லை. தையல்காரம்மா குனிந்து ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஃபேக்டரித் தையல். ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் உருவிட்டு வந்துடும். மலையில பாதி வழியில பேன்ட் ரெண்டா நிக்கும்.”

“அதுக்குத்தான் அண்ணி இருக்கீங்களே!” நாத்தனார் உள்ளறை நிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். “ஒரு தடவை ஓரம் அடிச்சுக் குடுத்துடுங்க.”

தான் வாங்கிய துணிக்கு என்னை ஓரம் அடிக்கச் சொல்கிறாளா? தையல்காரம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் யோசனை ஓடவில்லை. மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, பச்சை நிறத்தில் ஒன்றை உருவி மகளின் கையில் திணித்தாள்.

“இதைப் போட்டுப் பாரு. ரெட்டைத் தையல். முட்டியில உள்துணி வெச்சிருக்கேன்.”

பாப்பா விழித்தாள். “இது எப்போ தைச்சே? மலைக்குப் போறதை நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

தையல்காரம்மா மெஷின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். போன வாரமும் உள்ளறைப் பேச்சுக்கு மெஷின் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

பாப்பா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பு பொருந்தியது. ஆனால் கீழே இரண்டு கணுக்கால்களும் அப்பட்டமாகத் தெரிந்தன. அளவெடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மனக்கணக்கில் வெட்டிய துணி அது. மனக்கணக்கிலோ மகள் இன்னும் போன வருடத்துப் பெண்ணாகவே இருந்தாள். கண்ணெதிரே வளர்ந்திருக்கிறாள்! ஊரார் உடம்பையெல்லாம் அளந்தவளுக்குத் தெரியாதது நீச்சல்காரிக்குத் தெரிந்திருக்கிறது!

தையல்காரம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

“அட, இதுக்கா அண்ணி? துணி மிச்சம் இருந்தா ஒரு பட்டை வெச்சு இறக்கிடலாமே” என்று நாத்தனார் நல்லெண்ணத்தோடு குனிந்து, திறந்து கிடந்த இழுப்பறைக்குள் கைவிட்டாள்.

“அதுல ஒண்ணுமில்ல!”

அதற்குள் அது வெளியே வந்துவிட்டது. அதே பச்சைத் துணி. அதே ரெட்டைத் தையல். இடுப்பு மட்டும் தாராளமாக அகன்ற இன்னொரு பேன்ட்.

“இது யாருக்கு அண்ணி?”

“கஸ்டமருக்கு.”

பாப்பா அதை வாங்கி, அம்மாவின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கஸ்டமர் யார் என்று தெரிய வேறு சாட்சி தேவைப்படவில்லை. பேன்ட் என்பதை ஆயுளில் ஒரு நாளும் போட்டறியாத தையல்காரம்மா, திருடி அகப்பட்டவளைப் போலத் தலைகுனிந்து நின்றாள்.

“வரணும்னு இருந்தியாம்மா? சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கூப்பிட்டியா?”

பாப்பாவின் கண்கள் கலங்கின. நாத்தனார் அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். “தாராளமா வாங்க அண்ணி. நீங்க படிக்கட்டு வழியா மெதுவா வாங்க. நாங்க சுத்திட்டு மேலே வந்து சேந்துக்கிறோம்.”

“கிழடு கட்டைங்க போற வழியாவா?”

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கல்யாணமான நாள்லேருந்து இந்த மிதியை மிதிக்கிறேன். நான் மிதிச்ச மிதிக்கு இந்நேரம் எத்தனை மலை ஏறி இறங்கியிருக்கணும் தெரியுமா? காட்டு வழியாத்தான் வருவேன்.”

“வா” என்றாள் பாப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலைத் தூக்கிக் காட்டினாள். “நானும் இதைத்தான் போட்டுக்கப் போறேன்.”

“கணுக்கால் தெரியுதேடி.”

“தெரியட்டும். முட்டிதானே தெரியக் கூடாது?”

நாத்தனாரின் பார்வை, நாற்காலி முதுகில் துவண்டு தொங்கிய சாம்பல் நிற பேன்ட்டின் மேல் போயிற்று. ஆசையாக வாங்கி வந்தவள். முகம் ஒரு கணம் வாடித்தான் போனது. தையல்காரம்மா அதைப் பார்த்தாள். பார்த்து, பாவம் என்று நினைப்பதற்கு முன்னால், நெஞ்சு குளிரக் குளிர அனுபவித்தாள்.

நாத்தனார் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, “ஞாயித்துக்கிழமை முதல் பஸ், அண்ணி. ஸ்டாண்டுல நிக்கிறேன்” என்றாள்.

“பஸ்ல பாப்பா என் பக்கத்துலதான் உக்காருவா.”

“சரி. திரும்பி வரும்போது என் பக்கத்துல.”

“அப்பவும் என் பக்கத்துலதான். அசந்து தூங்கி விழுவா. சாஞ்சுக்கத் தோள் வேணும்.”

“ஏன், எனக்குத் தோள் இல்லையா?”

“இருக்கே. நீச்சலடிச்சு நீச்சலடிச்சு மரக்கட்டையா இருக்கு. பிள்ளைக்குக் கழுத்து சுளுக்கிக்கும்.”

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள். கீழே போய் நின்று, மருமகளுக்குக் கையசைக்க நிமிர்ந்தாள். பாப்பாவும் ஓடி வந்தாள்.

மகள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் தையல்காரம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.