சுனந்தா கடலில் இறங்கினாள்

மலையடிவாரத்தில், ஆசிரமங்கள் நிறைந்த செங்கம் ரோட்டில் இருக்கும் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் சுனந்தா உட்கார ஆரம்பித்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. தனிமை வேண்டும், மௌனம் வேண்டும் என்று கடல் தாண்டி வருகிறவர்களுக்குச் சாவியை எடுத்துக் கொடுத்து, வெந்நீர் எந்த நேரம் வரும் என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. சாயங்காலம் வேலை முடிந்து பின்தெருவிலிருந்த தன் மாடி அறைக்குப் போனால், அந்தத் தனிமையும் மௌனமும் அவளுக்குக் கேட்காமலே கிடைத்தன.

அம்மா இருந்தவரை அப்படி இல்லை. பக்கவாதத்தில் விழுந்த அம்மா, படுத்த படுக்கையில் இருந்தபடியே வீட்டை அதட்டி நடத்தினாள். சுனந்தாவுக்கு வந்த ஒன்றிரண்டு வரன்களும், "பொண்ணோட சேர்த்து அவங்க அம்மாவையும் நாங்க பாக்கணுமா?" என்ற கேள்வியோடு திரும்பிப் போயின. தம்பி அஜிதன் வந்தவாசிப் பக்கத்துச் சொந்த ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். சுனந்தாவின் ஐம்பத்தாறாவது வயதில் அம்மா போன பிறகு, அவள் காலிக் கட்டில் பக்கம் திரும்பி, "மருந்து சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாக மகாபலிபுரம் போனபோது வந்தது. மற்ற பிள்ளைகள் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அலையோரம் நின்றாள். தூரத்தில் கறுப்பாக இரண்டு முதுகுகள் நீரைப் பிளந்து எழும்பி, வளைந்து, மறைந்தன. "மிஸ், டால்பின்!" என்று கத்தினாள். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "அலைதாண்டி அது. வந்து சாப்பிடு" என்றார். ஊருக்குத் திரும்பியபின், வயல் கிணற்றில் தம்பியோடு குதிக்கும்போதெல்லாம் நீருக்கடியில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் அந்த இரண்டும் வருவதாக நினைத்துக்கொள்வாள். வயசுக்கு வந்ததும் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். ஆசையை அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். "மொதல்ல கல்யாணத்துக்கு ஆசப்படு" என்றாள் அம்மா. அதன்பின் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் முதல் வருஷ நினைவுநாள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, விடுதிச் சமையற்காரி சரோஜாவிடம் அது வாய்தவறி வந்துவிட்டது. சரோஜா பிறந்த ஊர் புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம்.

"உங்க அண்ணன் கடலுக்குப் போறவருதானே சரோஜா? டால்பின்லாம் பாத்திருப்பாரா?"

"டால்பினா? எங்க ஊர்ல அத ஓங்கல்னுவாங்க மேடம். எங்கண்ணன் எத்தினியோ வாட்டி பாத்துருக்கு."

"எனக்கு அதுங்ககூட நீந்தணும்."

சரோஜா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். சிரிக்கப் போகிறாள் என்றுதான் சுனந்தா நினைத்தாள். சரோஜா சிரிக்கவில்லை. "உங்களுக்கு நீச்சல் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

வருமா என்று சுனந்தாவுக்கே சந்தேகம். ஊரை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்தில் வேர்க்கடலை போட்டிருந்த திரௌபதி என்பவளின் கிணற்றில், விடுமுறை நாட்களில் காலையில் இறங்கிப் பார்த்தாள். கைகால்கள் மறக்கவில்லை, மூச்சுதான் மறந்திருந்தது. இரண்டு சுற்றுக்குள் இரைத்தது. சுடிதாரோடு கிணற்றில் நீந்தும் நரைத்த தலையைப் பார்த்து, களை எடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். திரௌபதி ஆடுகளை ஓட்டிக்கொண்டே, "வேண்டுதலா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் சுனந்தா. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கோடை முடிவதற்குள் நிற்காமல் நீந்த வந்துவிட்டது.

சரோஜாவின் அண்ணன் கண்ணாயிரம் அதிகம் பேசாத மனிதர். குப்பத்துக் கரையில் வந்து நின்ற சுனந்தாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொரத்தினு போவ மாட்டேன். தொடவும் கூடாது. அதுவா வந்தா வரும், வராட்டி திரும்பிடுவோம். சரியாம்மா?" என்றார். சரி என்றாள். படகில் வலையே இல்லாததை அப்புறம்தான் கவனித்தாள். "நீங்கல்லாம் ஜைனருங்க, ஒரு உசுரு துடிக்கறத பாக்க மாட்டீங்கனு சரோஜா சொல்லிச்சு. அதான் எடுத்தாரல" என்றார், கடலைப் பார்த்தபடி.

அன்று ஓங்கல் வரவில்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்து, வாந்தி எடுத்ததுதான் மிச்சம். கண்ணாயிரத்தின் மனைவி ராஜம்மாள் அவளைத் தன் வீட்டிலேயே தங்கச் சொன்னாள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டாள் என்று தெரிந்து, வெளிச்சம் இருக்கும்போதே தயிர்சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். "புதுச் சட்டிதாம்மா. மீன் பட்டதில்ல." சுனந்தா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கென்று இன்னொருவர் சோறு பிசைந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மறுபடி போனார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. கரை ஒரு கோடாகச் சுருங்கியபின் கண்ணாயிரம் இன்ஜினை நிறுத்தி, கையை மட்டும் நீட்டிக் காட்டினார். சாம்பல் நிற முதுகுகள் நீருக்கு மேல் வந்தன. புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு உள்ளே போயின. ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது.

அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். "பயப்படாத. கடலு கெணறு மாரி இல்ல, அதுவே தூக்கும். எறங்கு."

இறங்கினாள். உப்பு மூக்கில் ஏறியது. முதலில் எதுவுமே தெரியவில்லை, பச்சை வெளிச்சம்தான். பிறகு சத்தம் கேட்டது. பாக்கு வெட்டுவதுபோல் டிக் டிக்கென்று நாலா பக்கமிருந்தும் வந்தது. நடுநடுவே மெலிதான சீட்டி. அவை பேசிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கடியில் இவ்வளவு பேச்சு இருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

கீழிருந்து ஒன்று மேலே வந்தது. அதன் விலாவோடு ஒட்டியபடி ஒரு கன்று. தாய் சற்றே சாய்ந்து அவளைப் பார்த்தது. சின்னக் கண். யாரோ வீட்டுக்குள் நுழைந்த சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிற பெண்ணின் பார்வை அது. சுனந்தா கை நீட்டவில்லை. பக்கத்தில் நீந்தினாள். கொஞ்ச தூரம், உண்மையாகவே, அவர்கள் மூவரும் ஒன்றாகப் போனார்கள். பிறகு தாயின் வால் ஒருமுறை அசைந்தது. கன்று தாயைவிட்டு விலகாமல் கூடவே போயிற்று. சுனந்தா இன்னும் வேகமாகக் கையை வீசினாள். கயிறு இடுப்பில் இறுகி அவளை நிறுத்தியது. சத்தம் தேய்ந்து, தன் இதயத் துடிப்பு மட்டும் காதில் கேட்கும்வரை அங்கேயே மிதந்தாள்.

படகில் ஏற்றிவிட்டு, "எப்டி இருந்துச்சும்மா?" என்றார் கண்ணாயிரம்.

"குடும்பமா இருந்துச்சுங்க" என்றாள். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் கரை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் ஈரத்தோடு நின்று அஜிதனுக்குப் போன் செய்தாள்.

"கடல்லயா? இந்த வயசுலயாக்கா? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினான். கொஞ்சம் நிறுத்தி, "அது கடிக்காதா?" என்றான்.

"கடிக்காதுடா. அது என்னைப் பாத்துச்சு. கூடவே ஒரு குட்டி..."

"இருக்கா, நெல்லு மிஷின் வந்துருச்சு. வண்டி திரும்ப எடமில்ல. அப்றமா பேசறேன்." போன் வைக்கப்பட்டது. அவன் பொய் சொல்லவில்லை; பின்னால் இயந்திரம் இரைந்தது அவளுக்கும் கேட்டது.

மத்தியானம் திண்டிவனத்தில் பஸ் மாறினாள். பக்கத்து இருக்கையில் மருந்துப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், அவள் தலையைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, முடியெல்லாம் பிசுபிசுனு கீது? கடல்ல குளிச்சீங்களா?" என்று கேட்டாள்.

சுனந்தா சொல்ல ஆரம்பித்தாள். கிணற்றையும், வாந்தியையும், தயிர்சாதத்தையும், கயிற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இத்தனை நேரம் ஒரே மூச்சில் அவள் யாரோடும் பேசியதில்லை. செஞ்சிக் கோட்டை ஜன்னலில் வந்து பின்னால் போனது. அந்தப் பெண்ணின் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் விழுந்தது. எப்போது தூங்கிப்போனாள், எதுவரை கேட்டாள், தெரியவில்லை.

கன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கியிருந்தது. தோளை அசைக்காமல், குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, சுனந்தா அதையும் சொல்லி முடித்தாள்.