ஜோவிதாவின் பேட்ஜ்

எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் கோகிலவாணியை வாணி என்போம். பல்லாவரத்தில் அவள் வேலை பார்க்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் அவள் ஜோவிதா சிஸ்டர். ஜோவிதா நர்ஸிங் படித்தவள், குவைத்துக்குப் போய்விட்டாள். அவர்கள் தரும் சம்பளத்துக்குப் படித்த நர்ஸ் வேறு யாரும் வரவில்லை. மேனேஜர் போனவளின் பேட்ஜை எடுத்து வாணியின் கோட்டில் குத்திவிட்டார். படித்தவள் பெயர் இருந்தால் நோயாளிகளுக்குத் தெம்பாம். நல்ல தெம்பு.

வாணிக்கும் நர்ஸ் ஆகத்தான் ஆசை. நகரத்திலிருந்து எங்களையெல்லாம் காலி செய்து இங்கே கொண்டுவந்து போட்ட வருடம் அவளுக்குப் பிளஸ் ஒன். கிடைத்த பள்ளியில் காமர்ஸில்தான் இடம் இருந்தது. பயாலஜி படிக்காதவளை எந்த நர்ஸிங் காலேஜும் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரி அதையெல்லாம் கேட்கவில்லை. ஊசி போடவும் டிரிப்ஸ் ஏற்றவும் சொல்லிக்கொடுத்து, இரண்டு வார்டுகளை அவள் ஒருத்தி தலையில் கட்டியது.

ஒரு மத்தியானம் அவள் வார்டில் படுத்திருந்த ஜாபர் பாய்க்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவர் மனைவி குல்ஷன் பயந்துபோய்க் கூப்பிட்டார். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று வாணிக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அடுத்த வார்டில் வேறு கூப்பிட்டார்கள். அசந்து தூங்குகிறார், எழுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உடனே தன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். குல்ஷனோ, ஜோவிதா சிஸ்டர் பெற்ற மகள் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று அவள் கையைப் பிடித்து அழுதார்.

அன்றிலிருந்து வாணி சரியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் யார் கண்ணயர்ந்தாலும் உலுக்கி எழுப்பிவிடுவாள். என்னையும் எழுப்பியிருக்கிறாள், நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் அம்மா பகலில் படுத்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். குல்ஷனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று என்னிடம் புலம்புவாள். சொன்னால் வேலை போகும், அந்த வீட்டுக்கு வரும் ஒரே சம்பளம் அது. நான்தான் அடக்கி வைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் குல்ஷனே எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கூடவே பேத்தி ஃபரா. ஜோவிதா சிஸ்டரைப் பார்த்துத்தான் இவளுக்கும் நர்ஸ் ஆசை வந்தது என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் வாணியிடம், எந்த காலேஜில் படித்தீர்கள் என்று கேட்டது.

வாயில் வந்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். நான் கையைக் கிள்ளியும் பார்த்தேன். வாணி சொல்லிவிட்டாள். தான் ஜோவிதா இல்லை, நர்ஸிங் படிக்கவில்லை, அன்றைக்கு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தனக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும்.

குல்ஷன் திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"டாக்டரு வராண்டாவுலதாம்மா நின்னுகினு இருந்தாரு," என்றார். "நானே போய் இட்டாந்திருப்பேன். சிஸ்டர் நீ சொன்னியேன்னுதான் சும்மா உக்காந்துகினு இருந்தேன்."